எழுத்திசையும் பதிவிசையும்: கைக்கருவி ஒலிக்கோப்பு வடிவங்களும் பழனிமலைச் சாரலின் கேட்பு வரலாறும்

தமிழ்த் திரையிசையின் ஊடக வரலாறு இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா, குறுந்தகடு என்னும் வரிசையில் எழுதப்படுவது வழக்கம். குறுந்தகட்டுக்கும் இன்றைய இணையவழிக் கேட்புக்கும் இடைப்பட்ட ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் கைப்பேசியில் ஒலித்த இசை அவ்வரிசையில் அடிக்குறிப்பளவே இடம்பெறுகிறது. அழைப்பொலி என்பது பாட்டின் சிதைந்த துணுக்கு, தனக்கென வரலாறு இல்லாதது என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணம். அக்கோப்புகளைக் கண்ட இடத்தில் எல்லாம் எம்.பி.3 ஆக மாற்றிவைத்துவிட்டு மூலத்தை அழித்துவிடும் பழக்கம் மற்றொரு காரணம். இரண்டாவதே பெருங்கேடு. ஏட்டைப் படித்துப் படியெடுத்துக்கொண்டு ஏட்டை ஆற்றில் விட்டதற்கு ஒப்பான செயல் அது.

கைக்கருவிகளின் இசைக்கோப்புகள் அடிப்படையில் இருவகை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் கருவியில் என்று கட்டளையாக எழுதிவைப்பது ஒருவகை. காற்றில் எழுந்த அலையை அளந்து எண்களாகப் பதித்துவைப்பது மற்றொருவகை. முன்னதை எழுத்திசை என்றும் பின்னதைப் பதிவிசை என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. எழுத்திசையில் கேட்பவர் ஒரு சுரத்தைத் தொட்டு மாற்ற இயலும். பதிவிசையில் முழுக்கோப்பையும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கவோ வெட்டி ஒட்டவோ மட்டுமே இயலும். கேட்பவரின் கை இசைக்குள் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைப் பெருமளவில் கோப்பு வடிவமே தீர்மானித்தது. கையடக்க விளையாட்டுக் கருவிகளின் இசையை மாற்றியமைத்தோர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் அத்தகைய கருவிகள் கைப்பேசியைப்போலப் பரவவில்லை. எனவே இதற்கான தமிழ்ச் சான்றைக் கைப்பேசியில் தேட வேண்டியுள்ளது.

ஐம்பது சுரங்களின் ஏடு

நோக்கியா நிறுவனம் உருவாக்கிய ஆர்.டி.டி.டி.எல். என்னும் வடிவம் எளிய எழுத்துக் கோப்பு. முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் உடையது. முதற்பகுதி பாட்டின் பெயர். இரண்டாம் பகுதி பொதுவிதிகள்: சுரத்தின் இயல்பு நீளம், இயல்பு ஸ்தாயி, நிமிடத்திற்கு இத்தனை அடி என்னும் வேகம். மூன்றாம் பகுதி சுரவரிசை. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். கைப்பேசியிலேயே சுரங்களை விசையழுத்தி எழுதும் வசதி 3310 போன்ற கருவிகளில் இருந்தது. அதில் ஏறத்தாழ ஐம்பது சுரங்கள் அடங்கும். 140 பைட்டு கொள்ளும் குறுஞ்செய்தியிலோ அத்தகைய சில செய்திகளின் தொடரிலோ இதே இசையைச் சுருக்கிய வடிவில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பவும் முடிந்தது.

இங்கே பரவல் என்பது படியெடுத்தலாகவே நிகழ்ந்தது. சுரவரிசையைத் தாளில் எழுதிக்கொண்டு விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தியவர், ஏடெழுதுவோர் செய்யும் பிழைகள் அனைத்தையும் செய்யக்கூடியவர். புள்ளி விட்டுப்போனால் ஒன்றரை மடங்கு நீள வேண்டிய சுரம் குறுகிவிடும். ஏட்டில் புள்ளி இடாமையால் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கியதை இது நினைவூட்டும். ஸ்தாயி எண் பிறழ்ந்தால் ஒரு சுரம் மட்டும் மேலே துள்ளும். தலைப்பகுதியில் நேரும் பிழை இன்னும் சுவையானது. பொதுவிதிகள் தரப்படாவிடின் நீளம் நான்கில் ஒன்று, ஸ்தாயி 6, வேகம் 63 என்று கொள்ள வேண்டும் என்பது இவ்வடிவத்தின் இலக்கணம். நிமிடத்திற்கு 160 அடி வேகத்தில் எழுதிய துள்ளல் பாட்டு, தலைப்பகுதி உதிர்ந்த படியில் பாதிக்கும் குறைவான வேகத்தில் தாலாட்டுப்போல் ஒலிக்கும். சுரவரிசையில் ஒரு பிழையும் இராது. மூலபாட ஆய்வில் பயிற்சி உடையவர் இத்தகைய இரு படிகளைக் கண்டால் எது மூலம், எது வழி என்று கூறிவிட முடியும். எம்.பி.3 ஆக மாற்றிய படியில் இந்தத் தடயம் இல்லை. அங்கே இருப்பது காரணம் தெரியாமல் மெதுவாக ஒலிக்கும் ஒரு பாட்டு.

இவ்வடிவத்தின் வறுமை தமிழிசை கற்றோருக்கு உடனே புலப்படும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பகுத்து நிறுத்திய வடிவம் இது. சுரத்திலிருந்து சுரத்திற்குத் தாவலாம். வழுக்கிச் செல்ல இயலாது. கமகத்திற்கு இடமே இல்லை. எழுத்தில் கமகத்தை எவ்வாறு காட்டுவது என்னும் வினா தமிழகத்திற்குப் புதிதன்று. ஏ. எம். சின்னசாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறியீட்டில் அச்சிட்டார். 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி கமக வகைகளுக்கென்று தனிக்குறிகளை வகுத்துக்கொண்டது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் பன்னிரண்டு சுரங்களோடு நில்லாது சுருதிப் பகுப்பை விரித்துப் பேசியது. இம்முயற்சிகளுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழர் கைகளில் மிகப் பரவலாகச் சென்றடைந்த இசையெழுத்து, அவை அனைத்தும் ஐயுற்ற அந்தப் பன்னிரண்டு நிலைகளுக்கே திரும்பியது. இதில் நகைமுரண் உண்டு. ஆயினும் ஒரு பாட்டின் எந்த ஐம்பது சுரங்கள் இருந்தால் அது அடையாளம் காணப்படும் என்று முடிவுசெய்த எண்ணற்ற பெயரிலாக் கைகள், மெட்டு என்பது எது என்னும் வினாவுக்கு நடைமுறையில் விடையளித்துக்கொண்டிருந்தன. அவ்விடைகள் ஆய்வுக்குரியவை.

பல்குரல் ஒலியும் பட்டியலில் இல்லாத நாகசுரமும்

அடுத்து வந்தது பல்குரல் அழைப்பொலி. இதன் அடிப்படை 1983-இல் வகுக்கப்பட்ட மிடி. மிடிக் கோப்பில் பதினாறு தடங்கள். ஒவ்வொரு தடத்திற்கும் ஒரு கருவி. சுரத்தை வளைக்கும் கட்டளை 16,384 படிகள் கொண்டது. கமகத்தை எழுதுவதற்கான வழி இங்கே உண்டு. ஆனால் வளைவு தடம் முழுமைக்கும் பொருந்துவதால் பாடுகுரலின் மெட்டுக்கென்று ஒரு தடத்தை ஒதுக்கிப் பொறுமையாக எழுத வேண்டும். பணி மிகுதி, பயன் சில நொடி. பல அழைப்பொலிகள் வளைவின்றித் தட்டையாக ஒலிப்பதற்கு வடிவம் முழுக்காரணம் ஆகாது என்பதைக் கருத வேண்டும்.

வேறொரு குறை வடிவத்தின் உள்ளேயே இருந்தது. எந்தக் கருவிக்கு எந்த எண் என்று 1991-இல் வரையறுத்த பொதுமிடிப் பட்டியலில் 128 கருவிகள். அவற்றுள் உலக மரபிசைக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டவை 105 முதல் 112 வரையிலான எட்டு எண்களே. இந்தியாவிலிருந்து 105-ஆம் எண்ணில் சிதாரும் 112-ஆம் எண்ணில் செனாயும் இடம்பெற்றன. வீணை இல்லை, நாகசுரம் இல்லை. தாளக்கருவிகளின் தனிப்பட்டியலில் காங்கோ, போங்கோ உண்டு. மிருதங்கமும் தவிலும் பறையும் இல்லை, தபேலா கூட இல்லை. பழனி முருகன் கோயில் விழாவொலியின் அடையாளமாகிய நாகசுரமும் தவிலும் மிடியில் எழுதப்பட வேண்டுமெனில் செனாயும் காங்கோவும் அவற்றின் இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. தமிழ் எழுத்துக்குக் கணினிக் குறியீட்டில் இடம் வேண்டி எழுந்த குரல்களைப்போலத் தமிழ்க் கருவிக்குப் பொதுமிடியில் எண் வேண்டும் என்னும் குரல் எழவில்லை.

மிடிக் கோப்பு ஒலியைச் சுமப்பதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. கருவியொலிகள் கைப்பேசியின் சில்லில் இருந்தன. ஆகவே ஒரே கோப்பு வெவ்வேறு கைப்பேசிகளில் வெவ்வேறாக ஒலித்தது. 2002-இல் கைக்கருவிகளுக்கென வெளியான மிடி நீட்சி ஒன்று, தடங்களுக்கு முதன்மை வரிசை கொடுத்து, குறைந்த குரல்களே ஒலிக்கக்கூடிய கருவியில் பின்வரிசைத் தடங்கள் தாமே விலகுமாறு செய்தது. விலையுயர்ந்த கருவியில் தாளத்தோடும் இடையிசையோடும் கேட்ட பாட்டு, மலிவான கருவியில் மெட்டும் அடிச்சுரமுமாகச் சுருங்கக்கூடும். தேவாரத்தின் சொல் ஏட்டில் இருக்க, பண் ஓதுவார் மரபில் வாழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். கோப்பைக் காத்தவர் கருவியைக் காக்காவிடின் அவரிடம் எஞ்சுவது பாதி.

விளையாட்டுக் கருவிகள் கற்பித்த முறை

1989-இல் வெளிவந்த கேம் பாய் நான்கு தடங்கள் உடையது: துடிப்பலை இரண்டு, சிறு அலைவடிவம் ஒன்று, இரைச்சல் ஒன்று. 2001-இன் கேம் பாய் அட்வான்சில் பதிவுத் துணுக்குகளைக் கருவியொலியாகப் பயன்படுத்தும் வசதி சேர்ந்தது. 2004-இல் வந்த நிண்டெண்டோ டி.எஸ். இசைக்கோப்பு அமைப்பில் மிகத் தெளிவானது. எஸ்.டி.ஏ.டி. என்னும் பெருங்கோப்புக்குள் நால்வகைக் கோப்புகள் அடங்கும்: சுரக்கட்டளை வரிசை, கருவித்தொகுதி, அக்கருவிகளுக்கான அலைத்துணுக்குகள், நேரடியாக ஓடும் பதிவு. மிடியில் கைப்பேசியை நம்பியிருந்த கருவியொலி இங்கே விளையாட்டின் உள்ளேயே பொதிந்து வந்தது. பாட்டும் ஓதுவாரும் ஒரே பேழையில் இருந்தனர் எனலாம்.

இவ்விளையாட்டுகளின் இசையை மாற்றியமைத்தோர் இரு வழிகளில் சென்றனர். சுரக்கட்டளை வரிசை உள்ள இடத்தில் அதனை மிடியாகப் பெயர்த்தெடுத்து, திருத்தி, மீண்டும் உள்ளே வைத்தனர். ஒரு சுரத்தை மாற்றலாம், கருவியை மட்டும் மாற்றலாம், வேகத்தை மட்டும் மாற்றலாம். 2004-இன் இறுதியில் சப்பானில் வெளியான சோனி பி.எஸ்.பி.யிலோ, பல விளையாட்டுகளின் இசை ஏட்ராக் 3 பிளஸ் வடிவில் முழுப்பதிவாக இருந்தது. அங்கே செய்யக்கூடியது ஒரு பதிவை நீக்கி மற்றொன்றை வைப்பது. அதிலும் ஒரு நுட்பம் தேவைப்பட்டது: விளையாட்டிசைக்கு முடிவு இல்லை, எனவே எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்னும் சுழற்சிக் குறிப்பைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுத வேண்டும். முடிவுள்ள பாட்டை அக்குறிப்பு இன்றி வைத்தால் இசை தவறான இடத்தில் அறுந்து தொடங்கும்.

தமிழ் ஆய்வுலகம் இவர்களிடம் கற்கத்தக்கது மாற்றியமைக்கும் திறனைவிடக் காக்கும் முறையையே. கேம் பாய் அட்வான்சு இசைக்கு ஜி.எஸ்.எஃப். என்றும் டி.எஸ். இசைக்கு 2எஸ்.எஃப். என்றும் அவர்கள் உருவாக்கிய தொகுப்பு வடிவங்கள், ஒலியைப் பதிவுசெய்து வைப்பனவல்ல. இசையை ஒலிப்பிக்கும் நிரல்பகுதியையும் சுரவரிசையையும் கருவியொலியையும் விளையாட்டிலிருந்து பிரித்து எடுத்து அப்படியே வைப்பவை. போலச்செய்யும் மென்பொருள் அவற்றை இயக்கி ஒலிப்பிக்கும். எம்.பி.3 ஆக மாற்றுவது எளிது என்பது அவர்களுக்கும் தெரியும். எளிய வழியை மூலமாகக் கொள்ளவில்லை. நல்ல பதிப்பாசிரியர் ஏட்டின் பாடத்தை முதலில் தந்து தம் திருத்தத்தை வேறாகக் காட்டுவது போன்றதே இந்நெறி.

இவ்வகை மாற்றியமைப்புக்குத் தமிழ்நாட்டுக் கைப்பேசியிலும் வாயில் திறந்தே இருந்தது. ஜாவா விளையாட்டுகள் ஜார் என்னும் கோப்பாக வந்தன. அது உள்ளபடி ஒரு சிப் கட்டு. கணினியில் கட்டை அவிழ்த்து உள்ளிருக்கும் மிடிக்கோப்பின் இடத்தில் அதே பெயரில் வேறொன்றை வைத்துக் கட்டிவிடலாம். உடன்வரும் விவரக்கோப்பில் கட்டின் அளவைத் திருத்தாவிடின் கைப்பேசி நிறுவ மறுக்கும் என்பது ஒன்றே தடை.

கோடைப் பண்பலையும் நினைவக அட்டையும்

பதிவிசை கைப்பேசிக்குள் வந்தபின் பழனிமலையும் அதன் அடிவாரமும் ஒரு தனிச்சூழலைக் காட்டுகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கோடைக்கானலிலிருந்து அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் 100.5 மெகாஹெர்ட்சில், 10 கிலோவாட் ஆற்றலில் ஒலிபரப்புகிறது. பண்பலை நேர்கோட்டில் செல்வது. உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் அதன் அடிவானம் 180 கிலோமீட்டரைக் கடக்கும். சமவெளியில் நிற்கும் ஒரு கோபுரம் ஒரு நகரத்தைச் சுற்றி முடங்கிவிட, இம்மலை ஒரே நிலையத்தின் ஒலியை மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி, கோவைப் பகுதிகள்வரை சேர்த்தது. மலையின் மடிப்புகளுக்குள்ளேயே அமைந்த பள்ளத்தாக்குகள் அலையின் நிழலில் விழுவதும், தொலைவிலுள்ள சமவெளி தெளிவாகக் கேட்பதும் இதே இயற்பியலின் இரு பக்கங்கள்.

செவிக்கம்பியையே அலைவாங்கியாகக் கொண்ட வானொலி வசதி கைப்பேசியில் வந்தபோது கோடைப் பண்பலை சட்டைப்பைக்குள் நுழைந்தது. சீன உற்பத்திச் சில்லுகளைக் கொண்ட மலிவுக் கைப்பேசிகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் வானொலியைக் கோப்பாகப் பதியும் விசையும் இருந்தது. இவ்வாறு பதிந்தவை பெரும்பாலும் ஏ.எம்.ஆர். வடிவின. அது இசைக்காக உருவானதன்று. தொலைபேசிப் பேச்சுக்காக உருவானது. நொடிக்கு 8,000 மாதிரிகள், வீதம் 4.75 முதல் 12.2 கிலோபிட்வரை. பண்பலை 15 கிலோஹெர்ட்ஸ்வரை கொண்டுசேர்த்த ஒலியில் 4 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்டது முழுவதும் கோப்பில் இல்லை. சிங்கியின் கிணுகிணுப்பு போய்விடும். தவிலின் வலந்தலை மழுங்கும். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் நிற்கும். நான்கு நிமிடப் பாட்டு உயர்வீத ஏ.எம்.ஆரில் 370 கிலோபைட்டுக்குள் அடங்கும். 128 கிலோபிட் எம்.பி.3 எனில் 3.8 மெகாபைட். நினைவகம் அரிதாயிருந்த காலத்தில் இந்தப் பத்து மடங்கு வேறுபாடு சிறிதன்று.

இசைத்தரத்தில் தாழ்ந்த இக்கோப்புகள் வரலாற்றுச் சான்றாக உயர்ந்தவை என்பது ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி. பேருந்து நிலையக் கடைகளில் நினைவக அட்டையில் ஏற்றித் தரப்பட்ட எம்.பி.3 எல்லா ஊரிலும் ஒன்றே, குறுந்தகட்டிலிருந்து எடுத்தது. வானொலியிலிருந்து பதிந்த ஏ.எம்.ஆரிலோ பாட்டின் தொடக்கம் அறுந்திருக்கும், அறிவிப்பாளர் குரல் மேலேறியிருக்கும், நேயர் பெயரும் ஊர்ப்பெயரும் வந்திருக்கும், வளைவில் திரும்பிய பேருந்தின் நிழலில் அலை குலைந்த இரைச்சலும் இருக்கும். எந்தப் பாட்டை எந்த ஊரார் எப்போது கேட்க விரும்பினர் என்பதற்கு இத்தகைய சான்று வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

மொழியாய்வுக்கும் இது தொடர்புடையது. பழனிமலையில் வாழும் பளியர் முதலியோரின் பேச்சையும் பாட்டையும் கைப்பேசியில் பதியும் களப்பணியாளர், கோப்பு ஏ.எம்.ஆர். எனின் எதை இழக்கிறார் என்று அறிந்திருக்க வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காட்டும் அதிர்வுப்பட்டைகள் 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழே இருப்பதால் பெரிதும் தப்பும். சகரத்தின் உரசொலி வடிவம் தன் ஆற்றலின் பெரும்பகுதியை அவ்வெல்லைக்கு மேலே கொண்டிருப்பதால் சிதையும். பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் குறைந்த அளவு நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட். ஏ.எம்.ஆர். கோப்பை அவ்வளவுக்கு மாற்றிவைப்பதால் இழந்தது மீளாது. பின்வரும் ஆய்வாளரை ஏமாற்றும் உயர்தரத் தோற்றம் மட்டுமே கிடைக்கும்.

சேமிப்பும் சட்டமும்

வடிவம் மாறியபோது உரிமையாளரும் மாறினார். ஆர்.டி.டி.டி.எல்., மிடி ஆகியவற்றில் எடுத்தாளப்படுவது இசைப்படைப்பு மட்டும், ஒலிப்பதிவு தொடப்படவில்லை. எம்.பி.3 அழைப்பொலியில் ஒலிப்பதிவின் உரிமையும் சேர்ந்துகொள்கிறது; அது பெரும்பாலும் ஒலிநிறுவனத்திடம் இருந்தது. திரையிசையமைப்பாளரின் உரிமை தயாரிப்பாளருக்கே செல்லும் என்னும் நிலையை 1977-இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பு உறுதிசெய்திருந்தது. 2012-இன் பதிப்புரிமைத் திருத்தமே படைப்பாளருக்கு விட்டுக்கொடுக்க இயலாத உரிமத்தொகைப் பங்கை அளித்தது. அழைப்பொலி வணிகம் செழித்த ஆண்டுகளில் பெரும்பகுதி இத்திருத்தத்திற்கு முற்பட்டது.

வானொலிப் பதிவுகளுக்கு நிலை வேறு. ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமை, ஒலிபரப்பிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள். 2008-இல் கோடைப் பண்பலையிலிருந்து பதிந்த கோப்பு 2033-இன் இறுதிவரை அவ்வுரிமைக்கு உட்பட்டது. சொந்தப் பயன்பாட்டுக்கும் உண்மையான கற்பித்தல், ஆய்வுக்கும் பதிந்துகொள்வதை 39-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

நூலகத்தின் வாயிலில்தான் சிக்கல் கூர்மையாகிறது. வணிக நோக்கமற்ற பொதுநூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012-இல் சேர்ந்த 52(1)(என்) உட்பிரிவு கூறுகிறது. அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: அப்படைப்பின் மின்வடிவமல்லாத படி அந்நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இசைத்தட்டை வைத்திருக்கும் நூலகத்திற்கு இது போதுமானது. ஐம்பது சுர அழைப்பொலிக்கோ, செனாயில் எழுதிய நாகசுர மிடிக்கோ, மெட்டு மாற்றிய ஜார் விளையாட்டுக்கோ மின்வடிவமல்லாத படி என்று ஒன்று இருந்ததே இல்லை. சுரவரிசையை யாரேனும் தாளில் எழுதி வைத்திருந்தால், அந்தத் தாளே இச்சட்டத்தின் கண்ணில் நூலகம் காட்டக்கூடிய மூலம். நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது; தமிழ்நாட்டில் உருவான அக்கருவிகளின் சில்லுகளிலும், பழனி, வத்தலக்குண்டு, பண்ணைக்காடு வீடுகளின் இழுப்பறைகளில் கிடக்கும் நினைவக அட்டைகளிலும் இக்கோப்புகள் மின்னேற்றம் கசிந்துகொண்டிருக்கும் நிலையில் உள்ளன. நினைவகச் சில்லு பனையோலையைவிடக் குறைந்த ஆயுள் உடையது.